ஐந்து சீன மந்திரிகளும் நாற்பது வண்டி விறகும்

1768ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, துரிங்கியா மலைக்காட்டின் வடக்குச் சரிவில் இருக்கும் கால்டன்ஹைன் நகரசபை, சிபில்லா ஸைட்லரின் பீங்கான் பட்டறைக்கு ஊர்க் காட்டிலிருந்து நாற்பது வண்டி விறகு கொடுக்க மறுத்துத் தீர்மானம் போட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

தீர்மானத்தில் காரணம் எழுதவில்லை. காரணம், சந்தைத் தெருவில் ரோஸ்டின் பீர்க்கடை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது.

ஒரு சாண் உயரம். சம்மணம் போட்ட கால், அங்கி விலகி வெளியே தள்ளிய தொந்தி, அங்கி முழுக்க நீலமும் மஞ்சளுமாகப் பூக்கள். சிபில்லாவின் பட்டறையில் செய்த பீங்கான் சீனாக்காரன். தலை தனி, உடம்பு தனி. கழுத்துக்குள் இரண்டு சின்ன ஊசிகளில் தலை தொங்கும். அதன் அடியில் கட்டிய ஈயக்குண்டு தொந்திக்குள் ஊசலாடும். ஒரு விரலால் தொட்டால் போதும், கால் மணி நேரம் தலையாட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாக்கு வெளியே வந்து உள்ளே போகும். அந்தத் தெருவில் தொடக்கூட வேண்டியதில்லை. மாவு மில்லுக்குப் போகும் வண்டிகள் கல் பாவிய தரையில் கடகடத்துப் போனாலே ஆட ஆரம்பித்துவிடும். வண்டிகள் காலையிலிருந்து இருட்டும்வரை போயின.

ஊரில் யாரும் அதைச் சீனாக்காரன் என்று சொல்லவில்லை. வண்டிக்காரர்கள் ஜன்னலைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி, "வணக்கம் மேயர் ஐயா" என்றார்கள். பொம்மை தலையாட்டி நாக்கை நீட்டியது. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் மேயர் டிட்மார் இதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். இரண்டு வண்டிக்காரர்கள் ஜன்னலுக்கு வணக்கம் சொன்னார்கள். நாலடி பின்னால் நின்ற அவருக்குச் சொல்லவில்லை.

நகரசபையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்த சிபில்லா, சால்வையைக்கூட எடுக்காமல் டோபியாஸின் மேஜை முன்னால் போய் நின்றாள். கணவன் இறந்த பிறகு ஒன்பது வருடமாகப் பட்டறையை நடத்துகிறவள். உருவங்களை மண்ணில் வடித்து அச்செடுப்பது டோபியாஸின் வேலை. நாற்பத்தைந்து வயது, ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் திறக்காத மனிதன். வாழ்நாளில் ஒரு தடவைகூட வேண்டுமென்று கிண்டல் செய்ததில்லை.

"உண்மையைச் சொல்லு டோபியாஸ். மேயரைப் பாத்துத்தானே செஞ்ச?"

"சத்தியமா இல்லம்மா. சீனாக்காரனைத்தான் செஞ்சேன்."

"நீ சீனாக்காரனைப் பாத்திருக்கியா?"

"நீங்க குடுத்த படத்துல பாத்தேன்."

படம் சுவரில்தான் ஆணியடித்து இருந்தது. ஆக்ஸ்பர்க்கில் அச்சடித்தது. பன்னிரண்டு சீனர்கள் குடைக்கடியில் தேநீர் குடித்தார்கள், மீன் பிடித்தார்கள், தங்களைவிடப் பெரிய பட்டாம்பூச்சிகளைத் துரத்தினார்கள். முகம் ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவு. அதில் இரண்டு புள்ளி, ஒரு கோடு.

"இதுல மூஞ்சி எங்கய்யா இருக்கு?"

"அதாம்மா கஷ்டம். பருப்பை ஆப்பிள் பழம் அளவுக்குப் பெருசாக்கணும். மிச்சத்தை எங்கேருந்தாவது எடுக்கணுமில்ல?"

"எங்கேருந்து எடுத்த?"

டோபியாஸ் யோசித்தான். "தெரியலம்மா. கைக்குத் தானா வந்துச்சு."

"ஞாயித்துக்கிழமையிலேருந்து வந்துச்சு," என்றாள் வண்ணம் தீட்டும் ரெகினா, வேலையை நிறுத்தாமலேயே. அவள் ஒரு கோப்பையில் ஆளுயரப் பட்டாம்பூச்சி ஒன்றை முடித்துக்கொண்டிருந்தாள். "கோயில்ல இவரு உக்கார்ற இடம் எது? தூண் பக்கம், இடது கை வரிசை. நேரா எதுத்தாப்புல யாரு? நகரசபைப் பெஞ்சு."

கால்டன்ஹைன் தேவாலயத்தில் நகரசபைக்காரர்களுக்கு மேடை போட்ட தனிப் பெஞ்சு உண்டு. அது பீடத்தைப் பார்த்து இருக்காது; மக்களைப் பார்த்துப் பக்கவாட்டில் இருக்கும், ஊர் அவர்களைப் பார்த்துப் பணிவு கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. போதகரின் பிரசங்கம் இரண்டு மணி நேரம். முதல் கால்மணியிலேயே மேயர் டிட்மார் கண்ணை மூடிவிடுவார். கைகள் தொந்தியின் மேல் வந்து சேரும். தலை மெல்லக் கீழே போகும், திடுக்கென்று மேலே வரும், திரும்பவும் கீழே போகும். போதகர் குரலை உயர்த்தினால் நாக்கின் நுனி உதட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கும். இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளாக டோபியாஸ் இதற்கு நேர் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

"ஐயோ," என்றான் டோபியாஸ். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"ஐயோவா? கொட்டகையில ரெண்டு சூளைக்குத்தான் விறகு இருக்கு. அதுக்கப்புறம் ஐயோவை எரிக்கிறதா?"

அவள் மிகைப்படுத்தவில்லை. சமஸ்தானத்தின் காடு முழுவதும் இரும்பு உருக்காலைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மீதி இருந்தது ஊர்க் காடு மட்டும். அரண்மனையில் ராஜமாதா தனக்கென்று ஒரு சீன அறை அமைத்துக்கொண்டிருந்தார். அந்த அறைச் சுவரில் பொன் பூசிய ஐந்து தாங்கிகள். அவற்றின் மேல் வைக்க ஐந்து தலையாட்டிச் சீனர்கள் வேண்டுமென்று அவருடைய காரியஸ்தர் ஃபான் ட்ரெபென் சிபில்லாவிடம் சொல்லியிருந்தார். ஜூன் இருபத்துநாலு, யோவான் திருநாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போகும். அரண்மனை வேலையும் இல்லாமல் விறகும் இல்லாமல் பட்டறையைத் திறந்து வைப்பதில் பொருளில்லை. அங்கே வேலை செய்தவர்கள் பதினான்கு பேர்.

நகரசபை மாதத்தின் முதல் வியாழக்கிழமை கூடும். அடுத்த கூட்டத்துக்குள் முகத்தை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பீர்க்கடை ரோஸ்டும் நகரசபை உறுப்பினர்தான். அவர் ஜன்னலிலிருந்த பொம்மையை எடுத்து வெங்காயக் கூடைக்குள் வைத்தார்.

"ஒல்லியா செய்," என்று சிபில்லா டோபியாஸுக்குக் கட்டளை போட்டாள். "தொந்தியே கூடாது. கன்னம் ஒட்டி இருக்கணும். மேயருக்கு எது இருக்கோ அது எதுவும் இருக்கக் கூடாது."

டோபியாஸ் ஒல்லியாகச் செய்தான். சூளை எரிந்து ஆறியதும், உருவத்தை மூடிச் சுடும் மண்பெட்டியைத் திறந்து தலையை வெளியே எடுத்தார்கள். நீண்ட முகம், ஒட்டிய கன்னம், கசப்பு மருந்தை முகர்ந்ததுபோல் சுருங்கிய மூக்கு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது போயிற்று. கடைசியில் சூளைக்காரர் ஒருவர், "எனக்கு இருமலுக்குக் கஷாயம் தரச் சொல்லணும்போல இருக்கு" என்றார்.

ஏப்ரல் ஏழாம் தேதி அந்தப் பொம்மை நகரசபை மேஜைக்குப் போயிற்று. மருந்துக்கடை நேபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பொம்மையும் குனிந்து அவரைப் பார்த்தது.

"யாருய்யா இது?" என்றார் நேபல்.

"சீனாக்காரர்," என்றாள் சிபில்லா.

"என் அண்ணன் மாதிரி இருக்கான்."

"உன் அண்ணன் செத்துப் பத்து வருஷம் ஆச்சே," என்றார் ரோஸ்ட். "உன்னை மாதிரிதான்யா இருக்கு. காது பாரு, கூஜாப்பிடி."

"நான் நாக்கை நீட்டுவேனா?" நேபல் எழுந்து நின்றார். "முப்பது வருஷமா ஊர்க்காரன் நாக்கையெல்லாம் நான் பாத்திருக்கேன். என் நாக்கை எவனும் பாத்ததில்லை!"

விறகு மறுக்கப்பட்டது. மேயர் டிட்மார் அன்று நல்ல மனநிலையில் இருந்ததாகக் குமாஸ்தா சொன்னார்.

அடுத்த வழியை ரெகினா சொன்னாள். கோயிலில் டோபியாஸை இடம் மாற்ற வேண்டும். அவன் கண்ணில் அந்தப் பெஞ்சு படவே கூடாது. சிபில்லா போதகரிடம் கேட்டு அவனை மாடியில் ஆர்கன் வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான்கு ஞாயிறுகள் அங்கே உட்கார்ந்தான். கீழே பார்த்தால் தலைகளின் உச்சி மட்டும் தெரியும். முகமே தெரியாது.

மூன்றாவது சீனாக்காரன் தலையை நன்றாகக் குனிந்தபடி வந்தான். முகம் கிட்டத்தட்ட நெஞ்சுக்குள் போயிருந்தது. பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பளபளவென்ற ஒரு வழுக்கை, அதைச் சுற்றி வைக்கோல் வளையம்போல் கொஞ்சம் முடி, நடுவில் சற்று இடப்புறமாக ஒரு மரு.

"இது ரோஸ்ட்," என்றது பட்டறை முழுவதும்.

"மருவை உடைச்சிரலாம்," என்றான் டோபியாஸ் பரிதாபமாக.

"உடைச்சா ஓட்டை விழும். தலையில ஓட்டை இருக்கிற ரோஸ்ட்னு சொல்லுவாங்க," என்றாள் ரெகினா. முகத்தை மறைக்க ஒரு நீண்ட மீசை வரைந்து பார்த்தாள். மீசை வைத்த ரோஸ்ட் கிடைத்தார். பீர்க்கடையிலிருந்து திரும்பி வந்திருந்த மேயர் பொம்மைக்கும் ஒரு மீசை வரைந்து பார்த்தார்கள். மேயர் மாறுவேஷம் போட்டுக்கொண்டு கடன்காரனிடமிருந்து ஓடுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டார்கள்.

மே ஐந்தாம் தேதி மறுபடியும் ஐந்து பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். ரோஸ்ட் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் சிராய்களும் ஒரு பழைய வண்டிச் சக்கரமும்தான் மிச்சம்.

மே பதினேழாம் தேதி காரியஸ்தர் ஃபான் ட்ரெபென் வேலையைப் பார்வையிட வந்தார். அரண்மனையிலிருந்து ஆள் வந்தால் மேயர் கூடவே போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதனால் மேயர் டிட்மாரும் பட்டறைக்குள் வர வேண்டியதாயிற்று. மூன்று பொம்மைகளும் ஜன்னலோரம் வரிசையாக நின்றன. மேயர் தன்னுடையதிலிருந்து கண்ணை விலக்கிக் கூரையைப் பார்த்தார்.

காரியஸ்தர் ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார். மூன்றும் ஆடத் தொடங்கின.

"அடடா," என்றார். ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் குனிந்து பார்த்தார்.

"அம்மா, நான் நாலு பட்டறை பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் சீனாக்காரனுக்கு ஒரே மூஞ்சி. அச்சுல அடிச்ச பிஸ்கட் மாதிரி. இங்கதான் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஆளா இருக்கான். எப்படிம்மா?"

"எங்க டோபியாஸ் ரொம்ப ஆராய்ச்சி பண்ணுவாரு," என்றாள் சிபில்லா.

"இவர் யாரு?" காரியஸ்தர் தொந்திக்காரனைக் காட்டினார். அவருக்கு இடதுபுறம் பொம்மை. வலதுபுறம் மேயர். நடுவில் நின்று அவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினார்.

"மந்திரி," என்றாள் சிபில்லா. வாயில் வந்ததைச் சொன்னாள். "கருவூல மந்திரி. பீக்கிங்ல."

"தெரியுது. என்ன நிதானம்! எத்தனை ராஜ்ஜிய ரகசியம் அந்தக் கண்ணுக்குள்ள தூங்குது! மேயரே, நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு மூஞ்சி நம்ம பக்கத்துல பொறக்குமா?"

மேயர் தலையாட்டினார். பொம்மையும் தலையாட்டியது. காரியஸ்தர் இரண்டையும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"ராஜமாதா தினமும் காப்பி குடிக்கிறது அந்த அறையிலதான். இவங்க முகத்தைப் பாத்துக்கிட்டேதான் குடிப்பாங்க. யோவான் திருநாளன்னிக்கு அறையைத் திறக்குறோம். இந்த ஊர் நகரசபையையும் கூப்பிடணும்னு நான் சொல்றேன், உள்ளயே. முற்றத்தோட இல்ல, உள்ள. இன்னும் ரெண்டு மந்திரி வேணும். அஞ்சும் அஞ்சு மூஞ்சியா இருக்கணும். ஒரே மூஞ்சி ரெண்டு தடவை வந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

மேயர் டிட்மார் பதினோரு வருடமாக மேயர். அரண்மனைக்கு மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று தடவையும் முற்றத்தில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து மேயர் பட்டறைக்குத் தனியாக வந்தார். பின்வாசல் வழியாக வந்தார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேம்மா," என்றார். "அந்தக் கருவூல மந்திரி... அவருக்கு மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கோ?"

"சீனாவுல அப்படித்தான் மூக்கு இருக்குமாம் ஐயா."

"யாரு சொன்னா? மந்திரியோட மூக்கு இன்னும் கொஞ்சம் கௌரவமா இருக்கும்." அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் அளவு. இன்னும் பெருசா பண்ணலாமே."

"பண்ணலாம். ஆனா சூளையில போனா ஆறுல ஒரு பங்கு சுருங்கிடுவீங்க."

"நானா?"

"மந்திரி."

"ஆமா, மந்திரி." மேயர் தொண்டையைச் செருமினார். "நாக்கு விஷயம் ஒண்ணு. ராஜமாதா காப்பி குடிக்கும்போது ஒரு மந்திரி நாக்கை வெளிய உள்ள விட்டுக்கிட்டு இருக்கிறது மரியாதையா இல்ல. அந்த நாக்கு அசையக் கூடாது."

"அசையாம செஞ்சிடலாம். அதுக்குப் புதுசாத் தலை சுடணும். விறகுதான் இல்ல ஐயா."

மேயர் விறகுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைக்கூடக் காணவில்லை. வந்த பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

நகரசபையில் மிச்சம் இரண்டு பேர்: ரொட்டிக்கடை ஃபெங்க், தோல் பதனிடும் க்ராஸே. அவர்கள் முகம் இதுவரை எந்தப் பொம்மையிலும் வரவில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இதைப் பற்றி இருவரும் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்தார்கள். இப்போது பேச்சு நின்றிருந்தது.

முதலில் ஃபெங்க் வந்தார், ஒரு பிளம் கேக்கோடு. அவர் உட்காருவதற்குள் க்ராஸே வந்தார், ஒரு தோல் மேலங்கியோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ எதுக்குய்யா வந்த?"

"மேலங்கி குடுக்க. நீ?"

"கேக் குடுக்க."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

இருவரும் கொண்டுவந்ததை டோபியாஸின் மேஜையில் வைத்தார்கள். பிறகு க்ராஸே பொறுக்க முடியாமல் சொன்னார்: "ஏம்மா, நான் மட்டும் என்ன குறைச்சல்? அந்த நேபலுக்குக் கன்னமே கிடையாது. அவன் மந்திரியாம். நான் இருபத்திரண்டு வருஷமா நகரசபையில இருக்கேன், என் மூஞ்சி இந்த ஆளு கண்ணுல படவே இல்லையா?"

"தூண் மறைச்சிருக்குங்க," என்றான் டோபியாஸ். "நீங்க ரெண்டு பேரும் பெஞ்சுக் கடைசியில உக்கார்றீங்க."

"இப்ப தூண் இல்லியே. பாரு. நல்லாப் பாரு."

டோபியாஸ் பார்த்தான். மண்ணை எடுத்தான். ஒரு மணி நேரம் உருட்டினான், அழுத்தினான், கீறினான். கையில் வந்தது ஒரு உருளைக்கிழங்கு உருண்டை. இன்னொரு தடவை முயன்றான். இன்னொரு உருண்டை.

"முழிச்சிருக்கிற மூஞ்சி எனக்கு வரலம்மா," என்றான். "கண்ணு அசையுது, வாய் பேசுது. தூங்கினாத்தான் மூஞ்சி ஒரு இடத்துல நிக்குது."

"அப்ப தூங்குறோம்," என்றார் ஃபெங்க். இருவரும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். தூங்குவதாக நடித்த முகங்கள் பல்வலிக்காரர்கள்போல் இருந்தன. டோபியாஸ் தலையை ஆட்டினான். வராது. க்ராஸே மூன்று குவளை பீர் குடித்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை, பாட்டு வந்தது.

ரெகினா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். போதகர் சொந்தச் செலவில் அச்சிட்டு ஊரில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த பிரசங்கத் தொகுப்பு. நோன்பு காலத்து மூன்றாவது பிரசங்கத்தைத் திறந்து, போதகரைப் போலவே மூக்கால் வாசிக்க ஆரம்பித்தாள். "ஆகையால், என் அன்புச் சகோதரரே, இதை நாம் பதினேழு பகுதிகளாகப் பிரித்து ஆராய்வோம்..."

இரண்டாம் பகுதியில் ஃபெங்கின் வாய் திறந்தது. மூன்றாம் பகுதியில் க்ராஸே குறட்டை விட்டார். டோபியாஸின் கை ஓடத் தொடங்கியது. ஐந்தாம் பகுதியில் சிபில்லாவும் தூங்கிவிட்டாள். ஏழாம் பகுதியில் இரண்டு தலைகளும் முடிந்தன. ரெகினா மட்டும் நிறுத்தாமல் ஒன்பதாம் பகுதிவரை வாசித்தாள், பிரசங்கம் எப்போதாவது நன்றாக ஆகிறதா என்று பார்க்க.

ஐந்தும் ஒரே அளவில் இருக்க, பழைய மூன்று தலைகளையும் மேயர் கேட்டபடி பெரிதாக டோபியாஸ் புதிதாக வடித்தான். மண் தலைகள் ஐந்தும் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன: மேயரின் புது மூக்கு, நேபலின் கன்னம், ரோஸ்டின் வழுக்கை, திறந்த வாயோடு ஃபெங்க், குறட்டையோடு க்ராஸே. சுடாத மண், ஒரு வாளித் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இந்தச் செய்தியை சிபில்லா ஐந்து வீட்டு மனைவிமார்களிடமும் சந்தையில் எதேச்சையாகச் சொல்லிவைத்தாள்.

ஜூன் இரண்டாம் தேதி நகரசபை கூடியது. விறகு வேண்டுகோள் நான்காம் தடவையாக வந்தது.

"இதுல நமக்கு எந்தச் சொந்த அக்கறையும் இல்ல," என்று மேயர் தொடங்கினார். "குமாஸ்தா, அதை எழுதிக்குங்க."

"எனக்கும் இல்ல," என்றார் ரோஸ்ட். இன்று தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். மருவைச் சுற்றி முடி சீவியிருந்தது.

"ஆனா சீன மந்திரிங்க அஞ்சு பேர் அரைகுறையா ஒரு பலகைமேல காயுறது நம்ம ஊருக்கு அழகா?" என்றார் நேபல். "வெளிநாட்டுப் பெரிய மனுஷங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"சீனாவுலேருந்து கேள்வி வரும்," என்றார் க்ராஸே.

"நாற்பது வண்டி போதுமா?" என்றார் ஃபெங்க். "நாலு பக்கமும் சூடு சமமா இறங்கணும். ரொட்டி சுடுறவன் சொல்றேன், ஒரு பக்கம் குறைஞ்சா மூஞ்சி கோணிக்கும்."

"யார் மூஞ்சி?" என்றார் குமாஸ்தா, எழுதுவதை நிறுத்தி.

மேயர் வாக்கெடுப்புக்குக் கை தூக்கச் சொன்னார். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை. தீர்மானத்தில் நாற்பது என்று எழுதியிருந்ததை ஃபெங்கின் வற்புறுத்தலால் நாற்பத்திரண்டாகத் திருத்தினார்கள். விறகு மூன்றே நாளில் வந்தது. கடைசி இரண்டு வண்டிகளை ஃபெங்க் தன் சொந்தக் குதிரைகளைப் பூட்டி ஓட்டி வந்தார்.

சூளை ஜூன் பதினொன்றாம் தேதி மூட்டப்பட்டு, பதினைந்தாம் தேதி திறக்கப்பட்டது. நகரசபை முழுவதும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருந்தது. நான்கு தலைகள் பழுதில்லாமல் வந்தன. ஐந்தாவதை டோபியாஸ் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே தன் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டான். எல்லாரும் போன பிறகுதான் சிபில்லாவிடம் காட்டினான்.

மேயர் கேட்டபடி நாக்கு அசையாமலிருக்க, அதை வாய்க்குள் மெருகுப் பூச்சால் ஒட்டி வைத்திருந்தான். சூளையின் சூட்டில் பூச்சு உருகியபோது நாக்கு வழுக்கி முன்னால் வந்து, முழு நீளத்துக்கு வெளியே நீட்டியபடி இறுகிவிட்டது. மூக்கு மட்டும் மிகவும் கௌரவமாக இருந்தது.

"இனி சுட நேரமில்ல," என்றாள் சிபில்லா.

"அசையலம்மா," என்றான் டோபியாஸ். "அவர் சொன்னபடி அசையல."

யோவான் திருநாளன்று கால்டன்ஹைன் நகரசபை சீன அறைக்குள் அனுமதிக்கப்பட்டது. ராஜமாதா ஒவ்வொரு மந்திரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். கருவூல மந்திரியின் முன்னால் நின்று, கைத்தடி கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். "இதை என் நாற்காலிக்கு நேரா வைங்க," என்றார். கீழே விழுந்த கைத்தடியை எடுத்துக் கொடுத்த மேயர் டிட்மாரைப் பார்த்து, "நீங்க யாரு? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்று கேட்டார். மேயர் தன் பெயரைச் சொல்லி வணங்கினார். அவருக்கு ஒரு கோப்பை காப்பி கொடுக்கப்பட்டது. நாக்கை நீட்டிய பொம்மைக்கு எதிரில் நின்றபடி அதைக் குடித்தார்.

பட்டறைக்கு அவ்வருடம் அரண்மனையிலிருந்து மேலும் மூன்று வேலைகள் வந்தன. டோபியாஸ் ஆர்கனுக்குப் பக்கத்திலிருந்து இறங்கி, தூணோரம் இருந்த பழைய இடத்துக்கே திரும்பினான். நகரசபைக்காரர்கள் பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஃபெங்கும் க்ராஸேயும் இப்போது முன்னால் இருந்தார்கள். சீனாவிலிருந்து கேள்வி எதுவும் வரவில்லை.

1769ஆம் ஆண்டு மார்ச் இரண்டாம் தேதி, சிபில்லா ஸைட்லரின் பட்டறைக்கு நாற்பது வண்டி விறகு கொடுக்க நகரசபை ஒப்புக்கொண்டது. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று, மேயருடையது. ஏப்ரலில் விறகு வந்து சேர்ந்தது.